கணவனும் மனைவியும் மலையில் நடக்கலாமா?

சேலம் பக்கத்தில் ஏற்காட்டைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால், அங்கே நடந்து பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு!

காரிலோ பஸ்சிலோ ஏறுகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டுகிறார்கள். ஏரியில் படகு விடுகிறார்கள். 'லேடீஸ் சீட்'டில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். சுடச்சுட மிளகாய் பஜ்ஜி தின்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுகிறார்கள். மலையைப் பார்த்தாகிவிட்டதாம்!

அவர்கள் பார்த்தது மலையை அல்ல. மலைமேல் இருக்கிற கடைத்தெருவை!

மலையை அறிய வேண்டுமானால், நடக்க வேண்டும். அதுவும் கணவனும் மனைவியும் சேர்ந்து நடக்க வேண்டும். உடம்புக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது.

காலுக்குத் தெரியும் மலை

சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 அடி உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி. சேர்வராயன் கோவில் இருக்கும் உச்சி, 5,300 அடிக்கும் மேல்.

1,000 மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். அதனால்தான் சேலத்தில் வியர்வை வழியும்போது ஏற்காட்டில் சால்வை தேடுகிறோம்.

அடிவாரத்தில் முள்ளும் புதரும் வறண்ட பாறையும். கொஞ்சம் ஏறினால் மூங்கில். இன்னும் ஏறினால் சில்வர் ஓக் மர நிழலில் காப்பிச் செடி. மரத்தைக் கட்டிப்பிடித்த மிளகுக் கொடி. இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்.

காரில் போகிறவருக்கு இதெல்லாம் ஜன்னலில் ஓடி மறையும். நடக்கிறவருக்கு ஒவ்வொன்றும் நின்று முகம் காட்டும்.

துண்டு துண்டாக நடக்கலாம்

'அவ்வளவு தூரம் நடக்க நம்மால் ஆகுமா?' என்று பலர் மலைக்கிறார்கள். ஒரே மூச்சில் நடக்க யார் சொன்னது?

அமெரிக்காவில் அரிசோனா என்ற பாலைவன மாநிலம் இருக்கிறது. அங்கே தெற்கு எல்லையிலிருந்து வடக்கு எல்லை வரை, பாலையையும் மலையையும் கடந்து, சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை போகிறது. அதை ஒரே பயணமாக நடந்து முடிப்பவர்கள் உண்டு. ஒரு துண்டு, மறுபடி ஒரு துண்டு என்று ஆண்டுக்கணக்கில் நடப்பவர்களும் உண்டு. ஓரிடத்தில் கூடாரம் போட்டுக்கொள்வார்கள். பகலில் நடப்பார்கள். இரவு கூடாரத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

இதே முறை ஏற்காட்டுக்கு நன்றாகப் பொருந்தும். விடுதியிலோ, அனுமதி பெற்ற இடத்தில் கூடாரத்திலோ தங்கலாம். நாளைக்கு ஒரு திசை வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் சேர்வராயன் கோவில். ஏரியிலிருந்து 5, 6 கிலோமீட்டர்தான். மறுநாள் பகோடா முனை. மழைக்காலம் முடிந்த சமயமானால், இன்னொரு நாள் கிளியூர் அருவி. ஏரி நிரம்பி வழியும் தண்ணீரும் அங்கேதான் போய் விழுகிறது.

யாருடைய வேகம்?

தெருவில் கணவன் பத்தடி முன்னால் போவார். மனைவி குழந்தையையும் பையையும் சுமந்துகொண்டு பின்னால் ஓடுவார். ஊரில் இது வெறும் வழக்கம். மலையில் இது ஆபத்து!

மலையில் மெதுவாக நடப்பவரே முன்னால் போக வேண்டும். அவர் வேகமே இருவருக்கும் வேகம். சுமையைச் சமமாகப் பங்கிட வேண்டும். தங்கும் இடத்திலும் அப்படியே. அவர் அடுப்பு மூட்டினால், இவர் பாத்திரம் கழுவட்டும். உல்லாசப் பயணம் என்று அழைத்துப் போய், அங்கேயும் மனைவியைச் சமையலறையில் நிறுத்தினால், அது யாருக்கு உல்லாசம்?

இன்னொரு சட்டமும் வேண்டும். 'போதும், திரும்பலாம்' என்று முதலில் சொல்பவர் சொல்லே முடிவு. வாதம் கூடாது, கேலி கூடாது. உச்சி எங்கேயும் ஓடிவிடாது. பாதியில் திரும்புவது தோல்வி அல்ல. திரும்பத் தெரிந்தவர்தான் அடுத்த வாரமும் நடப்பார்!

'பெண்ணுக்கு மலை எதற்கு?' என்று கேட்பவர்களும் உண்டு. 1975-ல் ஜப்பானியப் பெண்மணி ஜுன்கோ தபெய் எவரெஸ்ட் ஏறினார். 1984-ல் நம் நாட்டு பச்சேந்திரி பால் ஏறினார். 2023-ல் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி ஏறினார். எவரெஸ்டே ஏறியாயிற்று, ஏற்காடு ஏறக் கூடாதா?

கணக்குப் போட்டு நடக்க வேண்டும்

நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி, 2,000 அடி ஏற்றம் உள்ள 10 கிலோமீட்டர் பாதைக்கு 3 மணி நேரம் ஆகும்.

இது பழகிய கால்களுக்கான கணக்கு. நம் வெயிலுக்கும், குடும்பத்தோடு நடப்பவர்களுக்கும் இதை இரண்டு மடங்காக வைத்துக்கொள்வது நல்லது. டிசம்பரில் மாலை 6 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஆகவே விடிந்ததும் கிளம்ப வேண்டும். மாலை 3 மணிக்கு மேல் புதுப் பாதை எதிலும் கால் வைக்கக் கூடாது. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், கட்டுச்சோறு, ஒரு டார்ச் விளக்கு, ஒரு ஊதல். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

குரங்கணியை மறக்கலாமா?

2018 மார்ச் 11-ந்தேதி. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடக்கப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 உயிர்கள் பலியாயின. அவர்களில் பெண்களும் பலர். நாடே கலங்கியது.

கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். அதனால் தீப்பிடிக்கும் காலத்தில் வனத்துறை மலையேறும் பாதைகளை மூடிவைக்கிறது. மூடிய பாதை மூடியதுதான். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அங்கே கூடாரம் அடிப்பதும், தீ மூட்டுவதும் பெரிய குற்றம். 2024-ல் தமிழக அரசே 40 மலைப் பாதைகளை முறைப்படி திறந்து, வழிகாட்டிகளோடு அழைத்துப் போக ஏற்பாடு செய்தது. அப்படி நேர்வழி இருக்கும்போது திருட்டு வழி எதற்கு?

மலைக்குச் சொந்தக்காரர்கள்

சேர்வராயன் மலை வெறும் சுற்றுலா இடம் அல்ல. மலையாளிகள் என்ற பழங்குடி மக்களின் வீடு அது. மலையை ஆள்பவர்கள் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். நமக்கு ஒற்றையடிப் பாதையாகத் தெரிவது, அவர்களுக்கு வயலுக்கும் கோவிலுக்கும் போகிற வழி. சேர்வராயன் அவர்களுடைய சாமி. மே மாதத் திருவிழாவுக்கு மலை கிராமங்களே திரண்டு வருகின்றன.

அடுத்தவர் வீட்டு முற்றத்தில் குப்பை போடுவோமா? உடைந்த பாட்டில், நடப்பவர் காலைக் கிழிக்கும். எறிந்த பிளாஸ்டிக்கைக் காட்டெருமை தின்னும். கொண்டுபோன குப்பையைக் கையோடு கீழே கொண்டுவருவதுதான் மரியாதை.

திருமணமான புதிதில் கைகோத்து நடந்தவர்கள்தான் எல்லோரும். பிறகு சம்பளம், பால் கணக்கு, பள்ளிக் கட்டணம் என்று பேச்சே கணக்காகிவிடுகிறது. மலைப்பாதையில் டெலிவிஷன் இல்லை. பல இடங்களில் செல்போனும் பேசாது. அங்கே பேசுவதற்குப் பக்கத்தில் இருப்பது ஒரே ஓர் ஆள்தான்.

அடுத்த விடுமுறையில் காரைக் கீழே நிறுத்தட்டும். கணவனும் மனைவியும் கொஞ்ச தூரமாவது நடக்கட்டும்!