முட்டி வரைக்கும் தண்ணீர், கையில் செல்போன்... டோக்கியோ டிஜிட்டல் மியூசியம் காசுக்கு வொர்த்தா?

ஜப்பான் டூர் போய்வந்த யாருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். ஃபூஜி மலை இருக்கும், ஷிபுயா கிராஸிங் இருக்கும், கூடவே இந்த வீடியோவும் அநேகமாக இருக்கும். இருட்டு அறை. முட்டி வரைக்கும் பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர். அதில் ஒளியால் ஆன வண்ண மீன்கள் நீந்திவந்து, காலில் மோதியதும் பூவாகச் சிதறுகின்றன. கீழே கமென்ட்டில், `எங்கே இது? டிக்கெட் எவ்ளோ?' என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள்.

இடம், டோக்கியோவின் டோயோசு பகுதியில் இருக்கும் `டீம்லேப் பிளானட்ஸ்'. 2023 ஏப்ரலிலிருந்து 2024 மார்ச் வரை, ஒரே வருடத்தில் 25 லட்சம் பேருக்கு மேல் இங்கே வந்திருக்கிறார்கள். ஒரே கலைக்குழுவின் படைப்புகளை மட்டும் வைத்திருக்கும் மியூசியங்களில் உலகிலேயே அதிகக் கூட்டம் வந்தது இங்கேதான் என்று கின்னஸ் சாதனையும் வாங்கிவிட்டது. இத்தனைக்கும் உள்ளே ஒரு ஓவியம்கூட ஆணியில் மாட்டப்படவில்லை.

டிக்கெட் விலை நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் மாறும். விமான டிக்கெட் கணக்குதான். பெரியவர்களுக்குச் சுமார் 3,600 யென்னில் ஆரம்பித்து, கூட்டம் அதிகமான நாள்களில் இன்னும் மேலே போகும். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், கூடவே அம்மா என்று ஐந்து பேர் கிளம்பினால், நம்ம காசுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் ரூபாய் ஆகிவிடும். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு இது பெரிய தொகை. அதனால், இது என்ன மாதிரி இடம், இந்தக் காசு எதற்கு என்று கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

வான்கா படுத்தார், இவர்கள் நின்றார்கள்

டீம்லேப் 2001-ல் தொடங்கிய குழு. நிறுவனர் தோஷியுகி இனோகோ. ஓவியர்கள் மட்டும் கிடையாது. புரோகிராமர்கள், இன்ஜினீயர்கள், கணிதம் படித்தவர்கள், கட்டடக் கலைஞர்கள் எல்லோரும் சேர்ந்த கூட்டம். 2018-ல் டோக்கியோவின் ஓடாய்பாவில் `பார்டர்லெஸ்' என்ற மியூசியத்தைத் திறந்தார்கள். முதல் வருடமே சுமார் 23 லட்சம் பேர். அதே 2018-ல்தான் பிளானட்ஸும் வந்தது. அது தற்காலிகமாக, இரண்டே வருடத்துக்கு என்று திறந்த இடம். கூட்டம் விடவில்லை, தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். 2025 ஜனவரியில் மூடுவதற்குப் பதிலாக இன்னும் பெரிதாக்கிவிட்டார்கள்.

இதே காலத்தில் உலகம் முழுக்க இன்னொரு அலையும் அடித்தது. பாரிஸில் ஒரு பழைய இரும்பு வார்ப்பாலையைக் கலைக்கூடமாக மாற்றி, 2018-ல் `அட்லியே தெ லூமியேர்' என்று திறந்தார்கள். அங்கே சுவர் முழுக்க வான்கா ஓவியங்களை புரொஜெக்டரில் ஓடவிட்டது, `எமிலி இன் பாரிஸ்' சீரிஸில் வந்ததும் உலகப் பிரபலமாகிவிட்டது. கோவிட் நேரத்தில் அமெரிக்காவில் நாலைந்து கம்பெனிகள் கிட்டத்தட்ட ஒரே பெயரில் வான்கா ஷோ போட்டன. எந்த டிக்கெட் எந்த ஷோவுக்கு என்று தெரியாமல் மக்கள் குழம்பிப்போனார்கள். அதில் பெரிய கம்பெனியான, டொரன்டோவைச் சேர்ந்த லைட்ஹவுஸ் இம்மர்சிவ் 2023-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. லட்சக்கணக்கில் டிக்கெட் விற்ற கம்பெனி அது!

ஒரே தொழில்தானே, அவர்கள் ஏன் படுத்தார்கள், இவர்கள் ஏன் நிற்கிறார்கள்? வான்கா இறந்தது 1890-ல். அவர் ஓவியங்களுக்கு இப்போது காப்புரிமை கிடையாது. புரொஜெக்டரும் காலி குடோனும் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஓட்டினார்கள். அரை மணி நேர வீடியோதான், திரும்பத் திரும்ப ஓடும். ஒரு தடவை பார்த்தவர் மறுபடி வர மாட்டார்.

டீம்லேப் காட்டுவது பதிவுசெய்த வீடியோ இல்லை. அந்த நொடியில் கம்ப்யூட்டர் வரைவது. நீங்கள் நிற்கும் இடத்தை சென்சார் கவனிக்கும். அதற்கேற்ப மீன் விலகும், பூ உதிரும், விளக்கு நிறம் மாறும். இப்போது பார்த்த காட்சி அப்படியே இன்னொரு தடவை வராது. டிசைன் அவர்களுடையது என்பதால் இன்னொருவர் காப்பியடித்தால் கோர்ட்டுக்கும் போகலாம்.

வியாபாரமாகப் பார்த்தால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சாதாரண மியூசியம் ஒரு ஓவியத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால் இன்ஷூரன்ஸ், பேக்கிங், பாதுகாப்பு என்று ஏகப்பட்ட செலவு. இவர்கள் ஒரே படைப்பை ஒரே நேரத்தில் பல ஊரில் வைக்கலாம். 2024-ல் சவுதியின் ஜெட்டாவில் ஒன்று, 2025-ல் அபுதாபியிலும் கியோட்டோவிலும் என்று திறந்துகொண்டே போகிறார்கள். சிங்கப்பூர் ஆர்ட்சயின்ஸ் மியூசியத்தில் 2016-லேயே இவர்களின் `ஃபியூச்சர் வேர்ல்டு' வந்துவிட்டது. அதைப் பார்த்தவர்களுக்கு டோக்கியோவில் சில அறைகள் `அட, இது நம்ம பார்த்ததுதானே' என்று தோன்றலாம்.

பிளானட்ஸா, பார்டர்லெஸ்ஸா?

ஓடாய்பா கட்டடத்தை மறுசீரமைப்புக்காகக் காலிசெய்ததில் பார்டர்லெஸ் 2022-ல் மூடப்பட்டு, 2024 பிப்ரவரியில் நகர நடுவில் அசாபுடாய் ஹில்ஸ் வளாகத்தின் அடித்தளத்துக்கு வந்தது. ஆக, இப்போது டோக்கியோவில் இரண்டு. பலர் பெயரைக் குழப்பி மாற்றி புக் செய்துவிடுகிறார்கள். சிலர் எதற்கு வம்பு என்று இரண்டுக்கும் டிக்கெட் போடுகிறார்கள். தேவையே இல்லை. ஒன்று போதும். எது என்பதை உங்களோடு யார் வருகிறார்கள் என்பதை வைத்து முடிவுசெய்யுங்கள்.

பிளானட்ஸில் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடக்க வேண்டும். ஆரம்பத்திலேயே இருட்டில், தண்ணீர் ஓடும் ஒரு சரிவில் ஏற வேண்டும். அடுத்து, மெத்தை மாதிரி கால் புதையும் அறை. அப்புறம்தான் அந்த மீன் குளம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், புதிதாகச் சேர்த்த பகுதியில் ஏறிக் குதிக்கவும், பேப்பரில் கலர் அடித்துக் கொடுத்த படம் சுவரில் உயிரோடு சுற்றுவதைப் பார்க்கவும் முடியும். ஆனால், மூட்டு வலியோடு வரும் அம்மாவுக்கு இது தண்டனை. சில அறைகளைத் தவிர்த்துப் போக முடியும்தான். ஆனால், அவர் காசு கொடுத்து உள்ளே வந்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டியிருக்கும்.

உடை விஷயத்தில் கொஞ்சம் கவனம். முட்டிக்கு மேல் சுருட்ட முடிகிற பேன்ட்தான் சரி. டைட் ஜீன்ஸ் போட்டுப் போய் பாதி நனைந்து வெளியே வருவார்கள். ஜப்பான் ஜனவரிக் குளிரில் அது விளையாட்டில்லை. தரை முழுக்கக் கண்ணாடி பதித்த அறைகள் இருப்பதால் பெண்கள் ஸ்கர்ட், ஃப்ராக்கைத் தவிர்ப்பது நல்லது. புடவையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பார்டர்லெஸ் வேறு ரகம். தண்ணீரில் இறங்க வேண்டாம். உள்ளே மேப் கிடையாது, இந்த வழியாகப் போங்கள் என்று அம்புக்குறி கிடையாது. ஒரு அறையில் பார்த்த பட்டாம்பூச்சிக் கூட்டம் சுவரோடு நகர்ந்து அடுத்த அறைக்கு வந்து, அங்கே இருக்கும் படத்தோடு கலந்துவிடும். பெயரே அதனால்தான். வழி தொலைவதுதான் திட்டம். வயதானவர்கள், நிதானமாகச் சுற்ற விரும்புகிறவர்களுக்கு இதுதான் பொருத்தம். அங்கே ஒரு டீக்கடை இருக்கிறது. தனிக் காசு. கோப்பையில் டீ ஊற்றியதும் அதன் மேல் ஒளிப்பூ ஒன்று மலரும். குடித்து முடித்தால் போய்விடும். அவ்வளவுதான் விஷயம், ஆனால் மொத்த மியூசியத்திலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

இரண்டிலும் இருட்டும் மினுக்கும் வெளிச்சமும் உண்டு. வலிப்பு, தலைச்சுற்றல் இருப்பவர்கள் யோசித்துப் போங்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோக முடியாது.

நேரம்தான் எல்லாம்

டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில், தேதியும் நேரமும் குறித்துத்தான் வாங்க வேண்டும். மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம் என்று செர்ரிப்பூ சீசனில் போவதாக இருந்தால், ஹோட்டல் போட்ட கையோடு இதையும் போட்டுவிடுங்கள். கடந்த சில வருடங்களாக யென் மதிப்பு சரிந்துகிடக்கிறது. 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 161 யென் வரை போனது. உலகமே ஜப்பானுக்குக் கிளம்பிவிட்டது. அந்த ஒரே வருடத்தில் சுமார் 3.69 கோடி வெளிநாட்டினர் வந்திருக்கிறார்கள். கவுன்ட்டரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்ம ஊர் தைரியம் அங்கே வேலைக்காகாது. வெளியே வந்துவிட்டால் அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே போக முடியாது.

டூர் கம்பெனிகள் பெரும்பாலும் காலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி இதைச் செருகிவிடுகிறார்கள். இது இரண்டு வகையில் தப்பு. ஜப்பானில் கோயில்களும் தோட்டங்களும் பெரும்பாலும் மாலை ஐந்து மணி வாக்கில் மூடிவிடும். இந்த மியூசியங்கள் இரவு வரை திறந்திருக்கும். பகல் வெளிச்சத்தை வெளியே செலவழித்துவிட்டு, இருட்டியதும் இங்கே வருவதுதான் புத்திசாலித்தனம். இன்னொன்று, பிளானட்ஸில் திறந்தவெளிப் பாசித் தோட்டம் ஒன்று உண்டு. அங்கே நிற்கும் முட்டை வடிவ உருவங்கள் பகலில் வெறும் வெள்ளி நிறம். சூரியன் மறைந்த பிறகுதான் ஒளிர ஆரம்பிக்கும். சூரிய அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் நுழைகிற ஸ்லாட் கிடைத்தால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

சாப்பாட்டுக்கு சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். பிளானட்ஸ் வளாகத்தில் வீகன் ராமென் கடை இருக்கிறது. ஜப்பானில் மீன் சாறு கலக்காத சூப் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று போனவர்களுக்குத் தெரியும்.

போட்டோ? எடுங்கள். எடுக்காமல் இருக்கச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால், சென்சார் உங்கள் உடம்பின் அசைவுக்குத்தான் பதில் சொல்கிறது. போனைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றால் மீன்கள் பாட்டுக்கு சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் அறையிலும் முதல் இரண்டு நிமிடம் எடுத்து முடித்துவிட்டு, போனைப் பையில் போட்டுவிடுங்கள். கொடுத்த காசுக்கான விஷயம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது டிக்கெட்டை மிச்சம் பிடிக்கச் சொன்னேன் இல்லையா, அதற்கு ஒரு காரணம் உண்டு. டோக்கியோவின் உவேனோவில் தேசிய இயற்கை மற்றும் அறிவியல் மியூசியம் இருக்கிறது. 1877-ல் தொடங்கியது. டைனோசர் எலும்பிலிருந்து செடி கொடிவரை சுமார் 50 லட்சம் மாதிரிகளைப் பாதுகாக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் அந்த மியூசியம் பொதுமக்களிடம் கையேந்தியது. மின்கட்டணம் ஏறிப்போய், மாதிரிகளைக் கெடாமல் வைக்கும் குளிர்சாதனச் செலவுக்கே காசு இல்லை. கேட்டது 10 கோடி யென். முதல் நாளே அது வந்துவிட, மொத்தம் 90 கோடிக்கு மேல் சேர்ந்தது. அப்போது அங்கே நுழைவுக் கட்டணம் வெறும் 630 யென்.

ஒரு பொருள்கூட இல்லாத மியூசியத்தில் இடம் கிடைக்கவில்லை. அதே ஊரில் 50 லட்சம் பொருள்கள் இருக்கும் மியூசியம் கரன்ட் பில்லுக்கு வசூல் செய்ய வேண்டியிருந்தது. இதில் டீம்லேப் மேல் எந்தத் தப்பும் இல்லை. மக்கள் காசு கொடுத்து வாங்க விரும்புவது எது என்பதை அவர்கள் சரியாகப் பிடித்துவிட்டார்கள். பொருளைப் பார்ப்பதைவிட, அந்தப் பொருளுக்குள்ளே நாம் இருப்பது மாதிரி ஒரு அனுபவம். பழைய மியூசியங்களால் அதைத் தர முடியாது. அவை செய்கிற வேலையை இவர்களாலும் செய்ய முடியாது. கரன்ட் போனால் அந்த மீன் குளத்தில் மிஞ்சுவது தண்ணீர் மட்டும்தான்.

அதனால் என் கணக்கு இப்படி: ஒரு சாயங்காலம் பிளானட்ஸ் அல்லது பார்டர்லெஸ். இன்னொரு நாள் காலையில் உவேனோ. ஒரே பூங்காவைச் சுற்றி நாலைந்து மியூசியங்களும் ஒரு மிருகக்காட்சி சாலையும் இருப்பதால் குழந்தைகளுக்கும் போரடிக்காது. அம்மா வெயிலில் பெஞ்ச்சில் உட்கார்ந்திருக்கலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அங்கே பெரும்பாலான மியூசியங்களுக்கு அன்றைக்குத்தான் லீவு.