முயலுக்கு நன்று, நமக்கு?

ஓய்வுபெற்ற ராணுவத்தினர் மிகுதியாகக் குடியிருக்கும் சைனிக்புரியில், காலை நடைக்கு வருகிறவர்களின் சம்பாஷணை எங்கு தொடங்கினாலும் கொலஸ்ட்ராலில் போய் முடிவது வழக்கம். அவர்களுள் சிலர், டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டாட்டின் மாத்திரையை ஒதுக்கிவிட்டு, மூலிகையாதலால் தீங்கில்லை என்று குக்குலுவை நாடுவதைக் காணும்போது, அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எவ்வளவு என்று விசாரிப்பது அவசியமாகிறது.

ஆதாரம் அற்பமானதன்று. ராஜஸ்தானத்திலும் கட்ச் பிரதேசத்திலும் வளரும் முட்செடியின் பிசினாகிய குக்குலுவைப் பருமனுக்கு ஔஷதமாகச் சுச்ருத சம்ஹிதை விதித்திருப்பதைப் பற்றுக்கோடாகக் கொண்டு, 1960களில் காசி ஹிந்து சர்வகலாசாலையில் ஆராய்ந்தவர், பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமைப் பதவி வகித்த ஜி. வி. சத்தியவதி. முயல்களின் இரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றி, குக்குலுவையும் கொடுத்துப் பார்த்ததில், கொழுப்பு குறைவதையும் நாளச் சுவர் தடிப்பது தணிவதையும் அவர் கண்டார். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சாரம் குக்குலிபிட் என்ற பெயரில் 1980களில் விற்பனைக்கு வந்தது.

ஆயினும், முயல் தாவரபட்சிணி; 1913இல் ருஷ்யாவில் ஆராய்ச்சியாளர் அனிச்கோவ் காட்டியபடி, இயல்பில் கொலஸ்ட்ராலை உண்ணாத அப்பிராணிக்கு அதை ஊட்டினால் சில மாதங்களிலேயே அது நாளச் சுவரில் படிந்துவிடுகிறதேயன்றி, பல்லாண்டு மெல்ல முற்றும் மனித வியாதியை முழுவதும் பிரதிபலிப்பதில்லை. மனிதரிடம் நடந்த சோதனைகளோ ஒருமுகமாக இல்லை. 1994இல் மொராதாபாதிலிருந்து வெளியான, 61 பேரிடம் நடந்த சோதனையில், கெட்ட கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 12 சதவிகிதம் இறங்கியது. 2003இல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் நடத்தியதிலோ, குக்குலு உண்டோர்க்கு அது 4, 5 சதவிகிதம் ஏறியதுமன்றி, சிலருக்குத் தோலில் தடிப்பும் கண்டது.

இரத்தப் பரிசோதனையில் எண் இறங்குவது ஒன்று, மாரடைப்பு தவிர்வது மற்றொன்று. 1994இல் முடிவு வெளியான ஸ்காண்டிநேவியச் சோதனை, 4,444 இருதய நோயாளிகளை ஐந்தாண்டுகளுக்கு மேல் கவனித்து, ஸ்டாட்டின் மரணத்தையே குறைக்கிறது என்று நிரூபித்தது. குக்குலுவுக்கு அத்தகைய நிரூபணம் இல்லை. சத்தியவதி தொடங்கிய ஆராய்ச்சியை அத்தகைய பெருஞ்சோதனையால் நிறைவுசெய்வதே ஆயுர்வேதத்துக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை; அதற்குப் பொருளுதவ வேண்டியது அரசாங்கத்தின் கடமை. அதுவரை, டாக்டரைக் கேளாமல் ஒருவரும் தம் மாத்திரையை நிறுத்தலாகாது.