குட்டித் திருக்கை வாங்கும் முன் தொட்டியை அளந்து பாருங்கள்

உணவங்காடியில் சம்பால் தடவி, வாழையிலையில் சுட்டுத் தரும் திருக்கையை நமக்கு நன்றாகத் தெரியும். அதன் தூரத்து உறவு ஒன்று அலங்கார மீன் கடைகளில் உயிரோடு கிடைக்கிறது. அமேசான், ஒரினோக்கோ ஆறுகளின் மோட்டோரோ திருக்கை, பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் வாழும் லியோபோல்டி திருக்கை ஆகியவை அந்த வகை. கறுப்பு உடலில் வெள்ளைப் பொட்டுகளோடு மணலில் சறுக்கும் லியோபோல்டிக் குட்டியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனாலும், அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் பெரும்பாலோர் இதை வாங்கக்கூடாது என்பதே என் கருத்து.

கடையில் நீங்கள் பார்ப்பது சிறு தட்டு அளவுக் குட்டி. வளர்ந்த மோட்டோரோவின் உடல் தட்டு மட்டுமே அரை மீட்டர் அகலம் வரை போகும். வால் தனி. இது தரையோடு தரையாக வாழும் மீன். தொட்டி எவ்வளவு உயரம் என்பது அதற்கு முக்கியமில்லை. திரும்பிப் படுக்கத் தரை வேண்டும். 180 சென்டிமீட்டர் நீளம், 90 அகலம், 60 உயரம் என்று ஒரு தொட்டியை வைத்துக்கொள்ளுங்கள். விளிம்புவரை நிரப்பினால் 972 லிட்டர் தண்ணீர். கண்ணாடியையும் மணலையும் சேர்த்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். உங்கள் வரவேற்பறைத் தரை அதைத் தாங்குமா என்று முதலில் விசாரியுங்கள். “இப்போதைக்குச் சின்னத் தொட்டி, பிறகு பெரியது” என்று கடைகளில் சொல்வார்கள். அந்தப் ‘பிறகு’ பல வீடுகளில் வருவதேயில்லை.

இடம் இருக்கிறது என்றால் அடுத்தது தண்ணீர். இங்குதான் பல குட்டிகள் மடிகின்றன. மீனின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. வடிகட்டியில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நச்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புது வடிகட்டியில் அவை போதிய அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். எனவே தொட்டி முதலில், மீன் பிறகு. ஒரே நாளில் இரண்டையும் வாங்கி வருவது மீனுக்குச் செய்யும் கொடுமை.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு இன்னொன்று. வாளியில் பிடித்து ஓரிரவு வைத்தால் குழாய்நீரின் குளோரின் போய்விடும் என்பது பழைய நம்பிக்கை. நம் குழாய்நீரில் இருப்பது குளோரமின். அது அவ்வளவு எளிதில் ஆவியாகாது. அதை முறிக்கும் மருந்து கட்டாயம் தேவை. முறியும்போதும் அமோனியா வெளிப்படும் என்பதால் வடிகட்டியின் வேலை அதிகமாகிறது. மற்ற மீன்களின் நோய்க்குப் போடும் செம்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டிக்குள் விடவே வேண்டாம்; திருக்கைக்கு அது நஞ்சு.

கடல் திருக்கைகள் இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி உப்புநீரைச் சமாளிக்கின்றன. இந்த ஆற்றுத் திருக்கைகள் பல மில்லியன் ஆண்டுகளில் அந்தத் திறனை இழந்துவிட்டன. இனி இவை கடலுக்குத் திரும்ப முடியாது.

தீனி விஷயத்தில் தங்கமீன் குஞ்சுகளை உயிரோடு போட்டு வேடிக்கை பார்ப்போர் உண்டு. தங்கமீனில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். அதையே தின்னும் திருக்கை மெல்ல நோயுறும். கூடவே ஒட்டுண்ணிகளும் வந்து சேரும். மண்புழு, தோலுரித்த இறால், மீன்சதை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். வாய் அடிப்பக்கம் இருப்பதால் திருக்கை இரையைப் பார்த்துக் கவ்வுவதில்லை. மோப்பத்தாலும் மின்னுணர்வாலும் தேடி, மேலே படர்ந்து அமுக்கித் தின்கிறது. துடிப்பான மீன்களோடு வளர்த்தால் அதன் பங்கு பறிபோகும். குட்டிகளுக்கு நாளுக்கு இரண்டு மூன்று வேளை வேண்டும். வால் தொடங்கும் இடத்தில் இடுப்புக் குருத்தெலும்பு துருத்தினால் அது பட்டினி கிடக்கிறது என்று பொருள். மிஞ்சியதை உடனே எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் முடியாமல் போனவர்கள் என்ன செய்கிறார்கள்? அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் தென்னமெரிக்கத் திருக்கைகள் வாழ்வதை அறிவியலாளர்கள் 2010ல் பதிவு செய்தார்கள். அவை நீந்தி வரவில்லை. முட்டையிடாமல் குட்டி போடும் இனம் என்பதால் புது இடத்திலும் பெருக முடிகிறது. வாலில் நச்சு முள் உண்டு. ஆழமற்ற நீரில் மிதித்தவருக்குக் கடும் வலி. விலங்குகளை இப்படி விடுவது இங்கு சட்டப்படி குற்றம்.

வாங்குபவரை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. லியோபோல்டியின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்த 2022ல் பனாமாவில் கூடிய நாடுகள் முடிவெடுத்தன. ஆனால் கடைக்குள் வந்துவிட்ட குட்டிக்கு விலைச்சீட்டு மட்டுமே இருக்கிறது. அதன் பக்கத்தில், வளர்ந்த பிறகு எவ்வளவு பெரிதாகும், எத்தனை லிட்டர் தேவை என்ற இரண்டு எண்களையும் கடைக்காரர் எழுதி வைக்கவேண்டும். எழுதாத கடையில் நீங்களே கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள், வாங்கிய கடையிடமோ பெரிய தொட்டி வைத்திருக்கும் வளர்ப்பாளரிடமோ இப்போதே பேசுங்கள். குட்டி சிறிதாக இருக்கும்போதுதான் அதற்கு வேறு வீடு கிடைக்கும்.