“யார் மூலமா வந்தீங்க?”

இன்டர்ன்ஷிப்பின் முதல் நாள் காலையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடம், ஏழாவது மாடி. கழுத்தில் தற்காலிக அடையாள அட்டையுடன் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்தவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. “காலேஜ் மூலமா, டெஸ்ட் எழுதி வந்தேன்” என்றேன். “ஓ, அப்படியும் எடுக்கிறாங்களா?” என்று வியந்தார்.

மதியத்துக்குள் கணக்குத் தெரிந்துவிட்டது. எட்டுப் பேரில் ஆறு பேர் ‘ரெஃபரன்ஸ்’. ஒருவருக்கு மாமா, ஒருவருக்கு அப்பாவின் நண்பர், இன்னொருவருக்கு அக்கா வீட்டுக்காரர். தேர்வெழுதி வந்தது நானும் மதுரைப் பக்கத்து மாணவி ஒருவரும் மட்டுமே. அந்த ஆறு பேர் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களில் இருவர் என்னைவிட நன்றாகவே கோடிங் செய்வார்கள். ஆனால் “இங்கே திறமை மட்டும்தான் பேசும்” என்று எச்.ஆர். அதிகாரி சொன்னபோது எல்லோரும் கைதட்டினோம். பேசியது மாமா என்று அந்த அறையில் ஆறு பேருக்காவது தெரியும்.

பிறகு மதிய உணவு. எங்கள் குழுவின் மேலாளர் நல்ல மனிதர், சிரித்துப் பேசுபவர். “வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?” என்று தொடங்கினார். அடுத்து, “சொந்த ஊர்?” திண்டிவனம் என்றேன். “அட, அங்கே என் மச்சினன் வீடு இருக்கே. டவுனுக்குள்ளயா? எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்?” சாதி என்ற சொல்லை அவர் உச்சரிக்கவே இல்லை. கடைசிவரை உச்சரிக்க மாட்டார்.

நான் பொய் சொன்னேன். “பஸ் ஸ்டாண்டு பக்கம் சார். அப்பா கான்ட்ராக்டர்.”

என் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். எங்கள் வீடு திண்டிவனத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, அரசு ஆவணத்தில் ‘காலனி’ என்று எழுதப்பட்ட இடத்தில் இருக்கிறது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் ஆவணத்திலிருந்து அழிக்கப்படும் சொல், ஒரு தட்டுச் சோற்றுக்கு முன்னால் நான்கு கேள்விகளாகப் பிரிந்து வந்து உட்கார்ந்துகொள்கிறது.

“ஊர் கேட்பது ஒரு குற்றமா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை தோழர்களே. எந்தப் பதிலைச் சொன்னாலும் எதையும் இழக்காதவருக்கு அது வெறும் கேள்விதான். பதில் சொன்ன பிறகு எதிரில் இருப்பவரின் முகம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டியவனுக்கு அது நுழைவுத் தேர்வு. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டச் சொன்னது. தமிழர்கள் வெட்டினார்கள். அது உண்மையான சாதனை. ஆனால் பெயரில் கிடைக்காததை இப்போது தெருவில் தேடுகிறார்கள்.

பெயரில் சாதி தெரிந்தால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. சுகதேவ் தோரட், பால் ஆட்டவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரித் தகுதி, வெவ்வேறு பெயர்கள் கொண்ட விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயர்களுக்கு நேர்காணல் அழைப்பு குறைவாகவே வந்தது. முஸ்லிம் பெயர்களுக்கு அதைவிடக் குறைவு. அங்கே ‘திறமை’ வாய் திறப்பதற்கு முன்பே உறை மூடப்பட்டுவிட்டது.

அன்று பிற்பகல் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பற்றி எங்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, அதன் பின் 2013இல் வந்த சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் விசாரணைக் குழு கட்டாயம். குழு உறுப்பினர்களின் பெயரையும் திரையில் காட்டினார்கள். பெண்கள் போராடிப் பெற்ற உரிமை அது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: சாதியைப் பற்றிப் புகார் சொல்ல இந்த ஏழு மாடியில் ஒரு நாற்காலிகூட இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, உண்மை. ஆனால் மச்சினன் வீட்டுத் தெருவை விசாரித்ததற்காக யாரும் காவல் நிலையம் போக முடியாது, போகவும் வேண்டாம். அலுவலகத்துக்குள்ளேயே கேட்பதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும் என்கிறேன்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில், பயிற்சி இடங்களைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்க வேண்டும் என்ற பிரிவு உண்டு. பின்னாளில் பிற்படுத்தப்பட்டோருக்கும் சேர்த்தார்கள். இது தனியார் தொழிற்சாலைக்கும் பொருந்தும். அதாவது ஃபிட்டராகவோ எலக்ட்ரீஷியனாகவோ பழகப் போகிறவருக்கு இட ஒதுக்கீடு என்ற கொள்கையைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே வயது மாணவர் லேப்டாப்புடன் ஏழாவது மாடிக்குப் போனால் அவர் பெயர் ‘இன்டர்ன்’. அவருக்கு அந்தப் பிரிவு இல்லை, மாமா மட்டுமே. ஸ்பானர் பிடிக்கும் கைக்குச் சமூக நீதி, கீபோர்டு தட்டும் கைக்கு ரெஃபரன்ஸா?

‘இரண்டு மாதப் பயிற்சிதானே’ என்று தள்ளிவிடாதீர்கள். இந்த இரண்டு மாதத்தின் முடிவில்தான் வேலைக்கான கடிதம் கொடுக்கிறார்கள். வாசலில் இருப்பவர் மாமா என்றால், உள்ளே நடக்கும் நேர்காணல் எவ்வளவு நேர்மையாக இருந்தும் பயனில்லை.

நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. இன்டர்ன்ஷிப் இடங்கள் அனைத்தும் பொதுவில் அறிவிக்கப்பட வேண்டும். எத்தனை பேர் தேர்வெழுதி வந்தார்கள், எத்தனை பேர் பரிந்துரையில் வந்தார்கள் என்று நிறுவனங்கள் வெளியிட வேண்டும். சென்னையில் அறை எடுத்துத் தங்க முடிகிற அளவுக்கு உதவித்தொகை வேண்டும். இல்லாவிட்டால் சொந்த வீடு உள்ளவர் மட்டுமே பயிற்சி பெறுவார். சாதிப் பாகுபாட்டை விசாரிக்கவும் கட்டாயக் குழு வேண்டும். பழகுநர் சட்டத்தின் ஒதுக்கீடு இன்டர்ன்களுக்கும் விரிய வேண்டும். தனியார் துறை இட ஒதுக்கீட்டை அங்கிருந்தே தொடங்கலாம்.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. காரணம் பயம்தான். எனக்கு இன்னும் ஏழு வாரம் மிச்சம் இருக்கிறது, வீட்டில் கடன் இருக்கிறது. அந்தப் பயமும் இந்தக் கட்டுரையின் சாட்சியங்களில் ஒன்று.

ஆனால் அந்த முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் தவறு என்று இப்போது தோன்றுகிறது. எனக்கும் ரெஃபரன்ஸ் உண்டு. அம்பேத்கர் வைஸ்ராய் அவையில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் படித்தவன் நான். ஆதிதிராவிடர் நல விடுதியில் சாப்பிட்டு வளர்ந்தவன். இட ஒதுக்கீட்டில் கல்லூரிக்குள் நுழைந்தவன். அவர்கள் மூலமாகத்தான் வந்தேன். அப்பா கட்டட வேலை செய்கிறார்.

அடுத்த முறை மேலாளர் கேட்கும்போது இதைச் சொல்ல என்னால் முடிய வேண்டும். சொன்ன பிறகும் அந்த வேலைக் கடிதம் வர வேண்டும். என் துணிச்சல் ஒன்றால் மட்டும் அது நடக்காது, சட்டம் வேண்டும்.