நிபந்தனைகளுக்கு உட்பட்டது

எங்கள் தெருவில் துணி தேய்க்கும் பெண்ணின் கைக்குழந்தைக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. அவர் மறுபடி மூன்று மாதம். “பால் குடுக்கறவரைக்கும் நிக்காதுன்னு மாமியார் சொன்னாங்க சார்” என்றார். ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னபோது, “எந்தக் காலத்துல இருக்கீங்க?” என்று சிரித்தார்களாம்.

சிரித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மாமியார் சொன்னது மூடநம்பிக்கை இல்லை. பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து.

நான் படித்தது பி.காம். எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் அடியில் பொடி எழுத்தில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று இருக்கிறதா என்று தேடுகிற புத்தி. தாய்ப்பாலுக்கும் அந்த வரி உண்டு. குழந்தை சப்பச் சப்ப, அந்தத் தகவல் தாயின் மூளைக்குப் போகிறது. கருமுட்டையை முதிரவைக்கும் ஹார்மோன்களை அது அடக்கி வைக்கிறது. சப்புவது குறைந்தால் அவை விழித்துக்கொள்ளும்.

1988-ல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய விஞ்ஞானிகள் இதற்கு வரையறை சொன்னார்கள். நிபந்தனைகள் மூன்று. குழந்தை ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. பகலோ ராத்திரியோ, குழந்தைக்கு ஏறக்குறைய முழு ஆகாரமும் தாய்ப்பாலாகவே இருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் 98 சதவிகிதத்துக்கு மேல் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் ஒப்பந்தம் ரத்து!

நம் வீடுகளில் நடப்பது என்ன? பிறந்தவுடன் சேனை. அப்புறம் கிரைப் வாட்டர். “பால் பத்தலை” என்று ஒரு புட்டி. தாய் தூங்கட்டுமே என்று ராத்திரியில் இன்னொரு புட்டி. குழந்தைக்கு எட்டு மாதம் ஆன பிறகும், “இன்னும் தூரமே வரலையே” என்ற தைரியம். முதல் மாதவிலக்குக்கு முன்பே முதல் முட்டை வந்துவிடலாம் என்று யார் சொன்னார்கள்?

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே இரண்டு வருடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே இழந்த ரத்தம் ஊறுவதற்குள் அடுத்தது. கைப்பிள்ளைக்கும் அவசர அவசரமாகப் பால் நிறுத்தப்படுகிறது.

2017 முதல் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பு தருகிறது. இஸ்திரி வண்டிக்கு யார் விடுப்பு தருவது? மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அவர் வீட்டுக்கு ஓட முடியுமா?

ஆகவே டாக்டர்களே, நர்ஸம்மாக்களே, சிரிக்காதீர்கள். பிரசவ வார்டிலேயே மூன்று நிபந்தனைகளையும் சொல்லி அனுப்புங்கள். பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்ற ‘சாயா’ மாத்திரை, காப்பர்-டி எல்லாம் அரசுத் திட்டத்தில் இலவசமாக இருக்கின்றன. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணவர்களுக்கும் ஒன்று. காமர்ஸ் பாடத்தில் ‘ஸ்லீப்பிங் பார்ட்னர்’ என்று ஒருவர் வருவார். வேலையில் தலையிட மாட்டார். ஆனால் நஷ்டம் வந்தால் அவருக்கும் பங்கு உண்டு. உங்களுக்கு அதுகூட இல்லையே சார்! ஆணுறை ஒன்றும் ஆடம்பரப் பொருள் இல்லை.