எச்சிலைத் துப்பினால் நோய் தெரியுமா?

பொம்மிடியில் ஒரு அம்மாவுக்கு வாய் வறண்டு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் தண்ணீர் குடிக்க வேண்டும். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். பல் ஒவ்வொன்றாகச் சொத்தையாகிறது. அக்கம்பக்கத்தில் சொன்னால் என்ன பதில் வரும்? "வெயில் காலம்", "சர்க்கரையா இருக்கும்", "வயசாகுதில்ல..." ஃப்ளோரைடு பிரச்சினைக்குப் பேர்போன தர்மபுரி மாவட்டத்தில், பல் போனால் தண்ணீர் மேல் பழி போடுவதும் சுலபம்.

இவை எல்லாமே காரணமாக இருக்கலாம். இன்னொன்றும் இருக்கலாம்: ஷோகிரென் நோய். உடம்பின் எதிர்ப்பு சக்தியே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் கோளாறு இது. 1933-ல் ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென் 19 பெண்களைப் பரிசோதித்து இதை விரிவாக எழுதினார். பாதிக்கப்படுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

வெறும் வறட்சிதானே என்று விட முடியாது. சிலருக்குப் பின்னாளில் லிம்போமா என்ற புற்றுநோய் வருகிறது. இந்த நோயில் காணப்படும் ஆன்டி-ரோ எதிர்ப்பொருள் தாயின் ரத்தத்தில் இருந்தால், கருவிலேயே குழந்தையின் இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம். 100-ல் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இப்படி நேர்கிறது.

கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். 2016-ல் வந்த சர்வதேச விதிப்படி குறைந்தது 4 புள்ளி வேண்டும். ஆன்டி-ரோ இருந்தால் 3. உதட்டு பயாப்ஸியில் தெரிந்தால் 3. இரண்டு கண் பரிசோதனைகளுக்கும் உமிழ்நீர் அளவுக்கும் தலா 1. அதாவது ரத்தத்தில் ஆன்டி-ரோ இல்லாதவர் உதட்டைக் கீறித்தான் ஆக வேண்டும்!

இங்கேதான் எச்சில் உதவலாம். வீங்கிய சுரப்பியில் குவிந்த எதிர்ப்பு அணுக்கள் விடும் புரதங்கள் எச்சிலிலும் கலக்கின்றன. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் உட்பட மூன்று புரதங்களைச் சுட்டிக் காட்டினார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் எச்சிலில் உள்ள 'ஃப்ரீ லைட் செயின்' புரதங்களை வைத்து நோயைக் கண்டறிய முடியுமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். பொம்மிடியில் ரயிலேறினால் காட்பாடியில் இறங்கிப் போய்விடும் தூரம்தான் வேலூர்.

ஆனால் ஒன்று. நோயாளியின் எச்சிலை ஆரோக்கியமானவரின் எச்சிலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். மருத்துவர் முன் வந்து உட்காருபவர் ஆரோக்கியமானவர் அல்லவே! சர்க்கரையால் வாய் வறண்டவர், மாத்திரையால் வறண்டவர், வெற்றிலை புகையிலை போடுபவர்... இவர்களிடமிருந்து ஷோகிரென் நோயாளியைப் பிரித்துக் காட்டினால்தான் அந்தப் பரிசோதனைக்கு மதிப்பு. அந்த ஆய்வுகள் இந்த ஊர்க்காரர்களிடமே நடக்க வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா என்ன? ஒரு கப்பில் 15 நிமிடம், எதையும் மெல்லாமல் எச்சிலைச் சேர்க்கச் சொன்னால் போதும். 1.5 மில்லிக்கு மேல் தேறவில்லையென்றால் சுரப்பு குறைவு. ஏன் குறைந்தது என்று கப் சொல்லாது. ஆனால் அந்த அம்மாவை "வெயில் காலம்" என்று திருப்பி அனுப்பாமல் வேலூருக்கு ரயிலேற்ற அது போதும்.