உறங்குகிறவனுக்கு யார் சாட்சி?

சில மாதங்களுக்கு முன், ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் முற்பகலில், திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். முந்தின இரவு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றி வந்திருந்த அவர், கல்லாப்பெட்டியின் மேல் கையை ஊன்றியபடி, வாடிக்கையாளருக்கு மீதிச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த பாதியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். நடந்த அலுப்பு என்றே நானும் நினைத்தேன். ஆனால் பௌர்ணமிக்கு மட்டுமல்ல, அஷ்டமிக்கும் நவமிக்கும் அவர் இப்படித்தான் உறங்கி விழுகிறார் என்பதும், வேலூரில் ஓர் இரவு படுத்துச் செய்துகொண்ட தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 தடவை அவர் மூச்சு தடைப்பட்டதாகக் கண்டிருந்தது என்பதும், மருத்துவர் எழுதிக்கொடுத்த கருவி வாங்கிய பெட்டியிலேயே பீரோவுக்கு மேல் கிடக்கிறது என்பதும் பிறகு தெரியவந்தன. "ராத்திரி எட்டு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்குறாரு, பகல்லயும் தூங்குறாரு. தூங்குறதுக்குப் பேரு வியாதியாண்ணா?" என்று அவர் மனைவி என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முயல்வதே இக்கட்டுரை.

ஸ்லீப் ஆப்னியா என்று மருத்துவர்கள் வழங்கும் இந்த நோயின் இயல்பு விசித்திரமானது. உறக்கத்தில் உடம்பின் தசைகள் தளரும்போது தொண்டையின் தசைகளும் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் நாவின் அடிப்பாகமும் உள்நாக்கைச் சூழ்ந்த மென்சதையும் பின்னே சரிந்து காற்றுப் பாதையை அடைத்துவிடுகின்றன. மார்பு ஏறி இறங்குகிறது. காற்று மட்டும் உள்ளே செல்வதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறையக் குறைய, மூளை அபாயத்தை உணர்ந்து ஒரு கணம் விழித்துக்கொள்ள, தொண்டை திறந்து, ஒரு பெரிய உறுமலோடு சுவாசம் மீள்கிறது. மறுபடி உறக்கம், மறுபடி அடைப்பு. மூச்சு 10 விநாடியாவது நிற்பதையும், நிற்காமல் வெகுவாகக் குன்றுவதையும் சேர்த்து எண்ணி, மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது என்று வகுத்திருக்கிறார்கள். கடுமை என்ற அந்தக் கோட்டில் நிற்பவன்கூட ஏழு மணி நேர உறக்கத்தில் இருநூறு தடவைக்கு மேல் திணறுகிறான். காலையில் அவற்றில் ஒன்றும் அவன் நினைவில் இருப்பதில்லை.

சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி என்று அவஸ்தைகளைப் பகுத்துப் பேசுவது இந்த ஊருக்குப் புதிதன்று. ரமணரை நாடி வந்தோர் நடத்திய சம்பாஷணைகளில் ஆழ்ந்த உறக்கத்தைப் பற்றிய பேச்சு அடிக்கடி எழும். சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் அறியேன் என்று விழித்தவன் கூறும் அந்தச் சொல்லையே ஆதாரமாகக் கொண்டு, அறிவு ஓய்ந்திருந்த வேளையிலும் அங்கே இருந்தது யார் என்று வினவுவது வேதாந்திகளின் தொன்றுதொட்ட வழக்கம். வேதாந்த விசாரத்தில் அந்தச் சாட்சியம் செல்லும், வைத்தியத்தில் செல்லாது. ஏனெனில் இருநூறு தடவை மூச்சுத் திணறியவனும் காலையில் எழுந்து அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறான். பல்வலிக்காரன் தன் வலிக்குத் தானே சாட்சியாவான்; இந்த நோயாளிக்கோ, பக்கத்தில் படுத்திருப்பவரின் கண்ணும் காதுமே பிரத்தியட்சப் பிரமாணம். ஆகவே வீட்டார் நம்ப மறுக்கும்போது அவன் இழப்பது வெறும் ஆறுதலை மட்டுமன்று, தன் வழக்கின் ஒரே சாட்சியையும்தான்.

வீட்டாரின் சந்தேகம் அன்பின்மையால் எழுவதன்று. வழிவழியாக வந்த சில நம்பிக்கைகளே அதற்கு வேர். குறட்டையை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமென்றும், பகலில் தூங்குகிறவனைக் கும்பகர்ணன் என்றும் சொல்லிப் பழகிய சமூகம் நம்முடையது. மார்கழி விடியலில் வாசலில் நின்று, இன்னும் எழாத தோழியை எள்ளி எழுப்பும் திருவெம்பாவையை மாணிக்கவாசகர் அருளியது இந்த அண்ணாமலையில் என்பது மரபு. அங்கே உறக்கம் என்பது ஆன்மாவின் அறியாமைக்கு உருவகம். நம் வீடுகளிலோ தத்துவம் உதிர்ந்து எள்ளல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. "அவங்கப்பாவும் இப்படித்தான் கொறட்டை விடுவாரு, அவரு என்ன மிஷினா மாட்டிக்கிட்டாரு?" என்றார் நண்பரின் தாயார். அந்தத் தந்தை 58 வயதில் ஒரு விடியற்காலையில் உறக்கத்திலேயே காலமானவர். 'தூக்கத்துலயே போயிட்டாரு, புண்ணியவான்' என்று ஊர் அன்று சொல்லிற்று. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த முதியவரின் குறட்டையை ஆரோக்கியத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்காட்டவும் எவருக்கும் உரிமையில்லை.

மற்றொரு தயக்கம் கருவியின் தோற்றத்தைப் பற்றியது. மூக்கின்மேல் ஒரு மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், தலைமாட்டில் மெல்ல இரையும் ஒரு பெட்டி: கொரோனாக் காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் படங்களைக் கண்டு நடுங்கிய கண்களுக்கு இது வெண்டிலேட்டராகத் தெரிவதில் வியப்பில்லை. உண்மையில் அது நோயாளிக்குப் பதிலாக மூச்சு விடுவதில்லை. காற்றைச் சற்று அழுத்தத்தோடு செலுத்தி, சரிந்து விழும் தொண்டைக்கு முட்டுக்கொடுப்பது ஒன்றே அதன் காரியம். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் ஐந்து நோயாளிகளிடம் இதைப் பரீட்சித்து வெளியிடும்வரை, கடுமையான நோய்க்குக் கைகண்ட சிகிச்சையாக இருந்தது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வேறு வழி திறப்பதுதான். அதை எண்ணிப் பார்த்தால் இந்த மாஸ்க் அத்தனை பயங்கரமாகத் தோன்றாது.

மருத்துவர்களின் அவநம்பிக்கையை இரு வகையாகப் பிரிக்க வேண்டும். ஒன்று பரிசீலித்த பின் எழுவது, மற்றது பரிசீலிக்கவே மறுப்பது. முதல் வகைக்கு நாம் தலைவணங்க வேண்டும். ஏழு நாடுகளில், இந்தியா உட்பட, ஏற்கெனவே இருதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உள்ள 2,717 பேரை வைத்து நடத்தி 2016-இல் வெளியான சேவ் என்ற ஆய்வு, இக்கருவி மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுத்ததாக நிரூபிக்கவில்லை. பகல் தூக்கத்தைக் குறைத்ததையும், மனநிலையையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்தியதையும் மட்டுமே காட்டிற்று. ஆயினும் அவர்கள் கருவியைப் பூண்டது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான். பாதி இரவுப் பத்தியத்துக்கு முழுப்பலன் கேட்பது நியாயமா என்ற வாதம் அதனால்தான் இன்னும் ஓயவில்லை. 2021-இல் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளேயிருக்கும் ஒலியடக்கும் நுரைப்பஞ்சு சிதையக்கூடும் என்பதால் தன் கருவிகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற நேர்ந்ததும் நிகழ்ந்ததே. அறிகுறியே இல்லாதவர்களையெல்லாம் சல்லடை போட்டுப் பரிசோதிப்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-இல் கூறியது. இவற்றையெல்லாம் அறிந்து, 'உமக்கு இது அவசியமா என்று பார்ப்போம்' என்கிற மருத்துவர் நோயாளியின் நண்பர்.

இரண்டாம் வகை வேறு. நண்பர் முதலில் கலந்தாலோசித்த ஒரு மருத்துவர், அவரை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க ஒல்லியா இருக்கீங்க, மாசா மாசம் மலை சுத்துறீங்க, உங்களுக்கு எப்படி சார் வரும்?" என்று சொல்லி, மூன்றாவது இரத்த அழுத்த மாத்திரையை எழுதி அனுப்பினார். பருமன் இந்நோய்க்குப் பெருங்காரணம் என்பது மெய். எனினும் ஆசிய இனத்தாருக்குத் தாடையின் அமைப்பால், பருமன் இல்லாமலும் வருவதுண்டு. மூன்று மாத்திரைக்கும் இறங்காத இரத்த அழுத்தமே, 'இவர் இரவில் எப்படி மூச்சு விடுகிறார்?' என்று கேட்கத் தூண்டியிருக்க வேண்டிய அறிகுறி. பெண்களின் நிலை இன்னும் பரிதாபம்; களைப்பு, தலைவலி, தூக்கமின்மை என்று அவர்கள் சொல்வதெல்லாம் வீட்டு வேலை, மாதவிடாய் நிற்கும் வயது, மனக்கவலை என்ற கணக்குகளில் எழுதப்பட்டுவிடுகிறது. பெண் குறட்டை விடுகிறாள் என்று வெளியில் சொல்லவே குடும்பம் கூசுகிறது. மும்பையில் 35 முதல் 65 வயது வரையுள்ள ஆண்களிடையே செய்து 2004-இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இந்நோய் அறிகுறிகளோடு இருப்பதாகக் கண்டது. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லாஹிரி மறைந்தபோது மருத்துவமனை காரணமாகக் கூறியதும் இந்நோயின் பெயரைத்தான். ஒரு வாரம் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதின, பிறகு மறந்தன.

ஆலய நகரமாதலால் இங்கே வேறொரு தர்க்கமும் எழுகிறது. ஜெய்ப்பூரில் 30 நோயாளிகளைக் கொண்டு செய்து 2025-இல் வெளியான சிறிய ஆய்வொன்று, நாள்தோறும் கால் மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், ஆறு மாத காலம் சங்கு ஊதியவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்ததாகவும், மூச்சுத் தடை மணிக்கு நாலைந்து குறைந்ததாகவும் கண்டது. செய்தி வாட்ஸ்அப்பில் பரவியதும், "நம்ம ஊர்ல இல்லாத சங்கா மாமா?" என்று நண்பரின் மருமகன் ஒரு வலம்புரியே வாங்கி வந்துவிட்டார். தொண்டைத் தசைகளுக்குப் பயிற்சி பலம் தரும் என்பது நம்பத்தக்கதே. ஆனால் மணிக்கு 38 என்பதிலிருந்து ஐந்தைக் கழித்தால் எஞ்சுவது 33, அது இன்னும் கடுமையின் எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது. சங்கு ஊதட்டும், பிராணாயாமம் செய்யட்டும்; கருவியைப் பரணில் ஏற்றிவிட்டுச் செய்ய வேண்டாம். லேசான நோயுள்ளவர் ஒருக்களித்துப் படுப்பதும், எடையைக் குறைப்பதும், மதுவை விடுவதுமே போதியதாக இருக்கலாம். எல்லோருக்கும் கருவி என்பதும் மூடநம்பிக்கையே.

சந்தேகிகளோடு வாதாடி வென்றவர் யாருமில்லை. அவர்களைச் சாட்சிகளாக்குவதே உபாயம். சைவ சித்தாந்திகள் காட்சி, அனுமானம், ஆகமம் என்று அளவைகளை வகுத்தபோது காட்சியை முதலில் வைத்தார்கள். குடும்பத்தில் மிகவும் நம்பாதவர் யாரோ, அவரையே ஒரு நள்ளிரவில் அரை மணி நேரம் கடிகாரத்தோடு உட்காரச் செய்யலாம். கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டலாம். கருவி வாங்கியவர், எத்தனை மணி நேரம் பூண்டார், எத்தனை தடை மிஞ்சிற்று என்று அதுவே எழுதிவைக்கும் கணக்கை ஒரு மாதம் கழித்து இரு தரப்பாரும் பார்க்கும்படி செய்யலாம். அரசுக்கும் இதில் ஒரு காரியம் உண்டு. 2021 ஆகஸ்டில் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். நோயாளியின் துணையும் நிற்கும் அந்த வாசலில், 'இவர் குறட்டை விடுகிறாரா? நடுவில் மூச்சு நிற்கிறதா?' என்ற இரண்டு கேள்விகளைச் சேர்ப்பதற்குத் தனியாகச் செலவு ஏதும் இல்லை. கேட்டுக் கண்டறிந்தோரைப் பரிசோதிக்க மாவட்ட அரசு மருத்துவமனையில் வசதி செய்து, ஏழைகளுக்குக் கருவியையும் காப்பீட்டில் சேர்ப்பதே அடுத்த படி.

நண்பரின் மனைவி கடைசியில் ஒத்துக்கொண்டது எந்த மருத்துவர் சொல்லியும் அன்று. ஓர் இரவு சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்து, இருபது, இருபத்தைந்து, ஒரு முறை நாற்பது என்று எண்ணி, நாற்பதில் பயந்துபோய்த் தோளைப் பிடித்து உலுக்கியதாகச் சொன்னார். பெட்டி மறுநாளே பீரோவை விட்டு இறங்கிற்று. முதல் இரண்டு வாரம் நண்பர் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தார், பிறகு பழகிற்று. போன வாரம் கடைக்குச் சென்றபோது அவர் விழித்திருந்து கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மிஷின் எப்படியிருக்கிறது என்று அந்த அம்மாளைக் கேட்டேன். "இருக்குதுண்ணா. நடுராத்திரி கரண்டு போனா அது நின்னுடுது, அவரு எழுந்திருக்க மாட்டாரு, நான்தான் முழிச்சிக்கிறேன்" என்றார்.